திரும்பும் படகில் இல்லாதவர்

பிப்ரவரி 11

மஞ்சள் குடை வழிகாட்டி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. உங்கள் கம்பெனி கொடுத்த தாளில் ஒரு பெண் மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் நடக்கிற படம் இருக்கிறது. அது நீங்கள்தான் என்று போனில் சொன்னார்கள். அதற்கு மேல் எது கேட்டாலும், "எழுதிப் போடுங்கம்மா, அவங்க கையில சேர்த்துடறோம்" என்பதுதான் பதில். எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கரையில் இருக்கும் பழைய வெள்ளைக்காரர் ஊரைச் சுற்றிக் காட்ட நீங்கள் அழைத்துப்போன கூட்டத்தில் என் வீட்டுக்காரரும் இருந்தார். காலைப் படகில் போனவர் சாயங்காலப் படகில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

ஐம்பத்தோரு வயது. சாம்பல் நிற அரைக்கைச் சட்டை போட்டிருந்தார். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. கரண்ட் பார்க்கிற டெஸ்டர் ஒன்று சட்டைப் பையில் எப்போதும் இருக்கும், பேனா மாதிரி. லேசாகக் குனிந்து நடப்பார்.

போலீசில் சொல்லிவிட்டேன். "வீட்ல சண்டை ஏதாவது?" என்று கேட்டார்கள். சண்டை போட எங்களுக்கு எங்கே நேரம். ஆற்றில் ஏதாவது ஆகியிருக்குமோ என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னார். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவரை நீங்கள் கடைசியாக எங்கே பார்த்தீர்கள்? என்ன பேசினார்? தெரிந்ததை எழுதுங்கள். தெரியாவிட்டாலும் தெரியவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
அவர் மனைவி


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

அக்கா என்றே எழுதுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் கடிதத்தை எனக்கு முன்பே மேனேஜர் பிரித்துப் படித்துவிட்டார். "கல்யாண வீட்டுல செருப்பத் தொலைக்கற மாதிரி ஆளைத் தொலைச்சுட்டு வந்திருக்க" என்றார். இனி என் வீட்டு விலாசத்துக்கே எழுதுங்கள். உறையின் பின்பக்கம் இருக்கிறது.

முதலில் ஒன்று. திரும்பும்போது நான் தலை எண்ணினேன். சத்தியமாக எண்ணினேன். சரியாக இருந்தது. இப்போது மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்ததில் பிடிபட்டது. அக்கரையில் படகு பழுது பார்க்கும் பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கே வேலை செய்கிற ஒருவர் அன்றைக்கு ஓசியில் எங்கள் படகில் ஏறி நடுவில் உட்கார்ந்துகொண்டார். உங்கள் வீட்டுக்காரர் கணக்கில் அவர் சேர்ந்துவிட்டார்.

உங்கள் வீட்டுக்காரரை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கவர்னர் மாளிகையில் எல்லோரும் சரவிளக்குக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவர் மட்டும் சமையலறைக்குப் போய்விட்டார். கீழே சமைத்ததை மாடிக்கு ஏற்றக் கயிறு கட்டி இழுக்கிற மரப்பெட்டி ஒன்று அங்கே உண்டு. அதற்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "கப்பி நல்லாத்தான் இருக்கு. கயிறுதான் போச்சு" என்றார். பன்னிரண்டு வருஷமாக அந்தப் பெட்டியைக் காட்டுகிறேன். அதில் கப்பி இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பிறகு பழைய கல்லறைத் தோட்டம். நான் மாலுமிகள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து தூங்கிவிட்டார். சாதாரணத் தூக்கம் இல்லை. தோளைத் தொட்டு எழுப்ப வேண்டியதாகிவிட்டது. கண்ணைத் திறந்ததும், "யார் முறை?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டேன்.

டீ குடிக்க விட்ட நேரத்தில் என்னிடம் வந்தார். "இந்த ஊர்ல யாராவது குடியிருக்காங்களா, இல்ல எல்லாருமே பார்க்க வர்றவங்கதானா?" என்றார். சில குடும்பங்கள் இருக்கின்றன, பட்டறை ஆட்கள் இருக்கிறார்கள் என்றேன். "அப்ப இருக்கலாம்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

படகுக்காரர்களைக் கேட்டேன். ஆற்றில் யாரும் விழவில்லை, அந்தக் கரையில் இடுப்பளவுதான் தண்ணீர் என்கிறார்கள். தயவுசெய்து சாப்பிடுங்கள்.

தங்கை


பிப்ரவரி 22

தங்கச்சிக்கு,

"யார் முறை" என்று கேட்டார் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபின் அடுப்பை அணைத்துவிட்டுச் சும்மா நின்றேன்.

எங்களுக்கு ஒரே பையன். தம்பி என்றுதான் கூப்பிடுவோம். இருபத்து மூன்று வயது. ஆறு வருஷத்துக்கு முன்னால் பைக்கில் போனவனை லாரி இடித்துவிட்டது. கழுத்துக்குக் கீழே அசைவு இல்லை. பேச்சும் போய்விட்டது. ஆனால் எல்லாம் புரியும். கண்ணைச் சிமிட்டினால் ஆமாம் என்று அர்த்தம். படுக்கையில் அவனை அடிக்கடி புரட்டிப் போட வேண்டும், இல்லையென்றால் முதுகு புண்ணாகிவிடும். வளர்ந்த பிள்ளை. ஒருவர் தோளையும் ஒருவர் இடுப்பையும் பிடித்தால்தான் ஆகும். இரவில் ஒருவர் விழித்திருப்போம், தூக்கும்போது மற்றவரை எழுப்புவோம். அதுதான் முறை.

நான் வீட்டிலேயே இருந்து டிரை கிளீனிங் கடைக்குத் துணி பிரித்துத் தைத்துக் கொடுக்கிறேன். கடைக்காரர் உங்கள் சுற்றுலாவுக்கு இரண்டு டிக்கெட் கொடுத்தார். சேர்ந்து போக வழியில்லை. அதனால் ஆளுக்கு ஒரு நாள் என்று பேசிக்கொண்டோம். முதலில் நீங்கள் போய்விட்டு வாருங்கள், மார்ச்சில் நான் போகிறேன் என்று நான்தான் அனுப்பினேன். வர மாட்டேன் என்றவரைப் பிடித்துத் தள்ளாத குறை. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு, "சாயங்காலம் நான் வந்து பார்த்துக்கறேன், நீ அப்பப் படுத்துக்கோ" என்றார்.

போன் செய்யாமல் கடிதமாகவே எழுதுங்கள். எங்கள் வீடு ஒரே அறையும் சமையலறையும்தான். நான் போனில் பேசினால் தம்பி காதில் விழும். அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சொன்னபோது அவன் கண்ணைச் சிமிட்டவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் இருந்தால் தூக்க வருகிறார். எல்லா நேரமும் கூப்பிட முடியுமா?

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உயிரோடு இருக்கிறார். அதை முதலில் படித்துக்கொள்ளுங்கள்.

இன்று மாளிகைக் காவலாளி என்னைக் கூப்பிட்டு, "உங்க சமையல்கட்டு பெட்டி இப்ப மேல போகுது, பார்த்தீங்களா?" என்றார். புதுக் கயிறு போட்டிருந்தது. இழுத்தால் வெண்ணெய் மாதிரி ஏறுகிறது. போட்டது யார் என்று கேட்டேன். பட்டறையில் புதிதாகச் சேர்ந்த ஆள் என்றார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கூட்டத்தை டீக்கடையில் விட்டுவிட்டு ஓடினேன்.

பட்டறை பழைய சுங்கக் கிடங்குக்கு எதிரில் இருக்கிறது. ஒரு படகின் அடிப்பக்கத்தில் மல்லாந்து படுத்து, பழைய பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "உங்க வீட்ல தேடறாங்க" என்றேன். சுரண்டுவதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார்.

"அப்பறம் ஏன் போகல?"

"படகு கெளம்பறப்ப கரையிலதான் நின்னேன். நீங்க குடைய மடக்கினதக்கூடப் பார்த்தேன். கால் வரலம்மா. சரி, அடுத்த படகுல போலாம்னு இங்க ஒரு ஓரமா படுத்தேன். விடியற வரைக்கும் தூங்கிட்டேன். ஆறு வருஷத்துல ஒரு ராத்திரி முழுசா. எந்திரிச்சதும்தான் என்ன பண்ணிட்டோம்னு உறைச்சுது. அதுக்கப்பறம் அந்த வீட்டு வாசலை எந்த மூஞ்சிய வச்சுகிட்டு மிதிக்கறது?"

ஒவ்வொரு நாளும் நாளைக்குப் போகலாம் என்று நினைத்தாராம். ஒவ்வொரு நாளும் போவது இன்னும் கஷ்டமாகிவிட்டதாம்.

நான் திட்டலாம் என்றுதான் போனேன். திட்ட வாய் வரவில்லை. நீங்கள் திட்டுங்கள், அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்.

தங்கை


மார்ச் 14

தங்கச்சிக்கு,

உயிரோடு இருக்கிறார் என்று படித்ததும் அழுதேன். மீதியைப் படித்ததும் அழுததற்காக என்மேலேயே கோபம் வந்தது.

தூங்கினாராமா. நல்லது. நான் அவர் போன நாளிலிருந்து சுவரில் சாய்ந்தபடிதான் கண்ணை மூடுகிறேன். எனக்கும் கால் இருக்கிறது. எனக்கும் ஒரு படகு கிடைத்திருந்தால் நானும் நின்றிருப்பேனோ என்று நேற்று தோன்றியது. அப்படி நினைக்க வைத்ததற்குத்தான் அவர்மேல் எனக்கு அதிகம் வயிறு எரிகிறது.

போலீசுக்குப் போன் செய்து ஆள் கிடைத்துவிட்டார் என்றேன். "அப்ப கேஸை முடிச்சுடலாமா?" என்றார்கள். முடித்துவிடுங்கள் என்றேன்.

அவரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். மன்னிப்பு கேட்க வேண்டாம், விளக்கமும் சொல்ல வேண்டாம். தம்பி முதுகில் புண் வந்துவிட்டது. உள்ளங்கை அகலம் இருக்கிறது. தூக்க ஒரு ஆள் வேண்டும். அப்பாவாக வர வெட்கமாக இருந்தால் கூலி ஆளாக வரட்டும்.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நல்ல செய்தியோடு எழுதலாம் என்று இத்தனை நாள் காத்திருந்தேன். ஏமாந்துபோனேன்.

நீங்கள் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். "கூலி ஆளாக" என்றதும் கையில் இருந்த உளியைக் கீழே வைத்தார். புண் எந்தப் பக்கம் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "இடது பக்கமாத்தான் இருக்கும், அந்தப் பக்கம்தான் அவனுக்கு எலும்பு முட்டும்" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படகுக்கு ஒரு பையோடு வந்து நின்றார். முகச்சவரம் செய்திருந்தார். என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். நடு ஆறு வரை நன்றாகத்தான் இருந்தார். இந்தக் கரை தெரிந்ததும் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் இறங்கினார்கள். அவர் கம்பியை விடாமல் உட்கார்ந்தே இருந்தார்.

"இறங்குங்க" என்றேன். "அவன் பார்ப்பான்மா. ஒண்ணும் கேக்க மாட்டான். பார்ப்பான்" என்றார். கையைப் பிடித்து இழுத்தேன் அக்கா. இத்தனை பேர் பார்க்கிற இடத்தில் யாரோ ஒரு ஆம்பளையின் கையைப் பிடித்து இழுத்தேன். என் பலம் போதவில்லை. படகுக்காரர், "வர்றாரா இல்லையா? எனக்குத் திரும்பணும்" என்றார். வரவில்லை. அதே படகில் திரும்பிவிட்டார்.

இதற்குப் பிறகு நான் அவரோடு பேசவில்லை. கூட்டத்தோடு அந்தப் பக்கம் போனாலும் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

தங்கை


ஏப்ரல் 29

தங்கச்சிக்கு,

தம்பி போய்விட்டான். போன வாரம்.

புண் உள்ளே இறங்கி ரத்தத்தில் கலந்துவிட்டது. காய்ச்சல் வந்து, குறைந்து, மறுபடி வந்தது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தான். யாரையும் குறை சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஆஸ்பத்திரியில் அவனைப் புரட்ட இரண்டு நர்ஸ் வந்தார்கள். நானும் எழுந்து போய் நின்றேன். "நீங்க உட்காருங்கம்மா" என்றார்கள். உட்கார்ந்தேன். உட்காரவா அங்கே போனேன்.

அவரிடம் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். நான் சொல்ல வேண்டும். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் எப்படி ஆகிறார் என்று நான் பார்க்க வேண்டும். இப்போது எனக்கு வீட்டைவிட்டு வெளியே போக யாரையும் கேட்க வேண்டியதில்லை. என் டிக்கெட் செல்லுமா?

அக்கா


மே 3

அக்கா,

என்ன எழுதுவதென்று தெரியவில்லை. டிக்கெட் செல்லும். செல்லாவிட்டாலும் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை படகுத்துறையில் நிற்கிறேன். அவர் சுங்கக் கிடங்குக்கு எதிரில்தான் இருப்பார். எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் கூட்டத்தை அங்கே நிறுத்தி வைக்கிறேன்.

தங்கை


மே 13

தங்கச்சிக்கு,

படகில் என்னை யாரென்று காட்டிக்கொள்ளாமல், எல்லோருக்கும் கொடுத்த மாதிரியே எனக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அதற்கு நன்றி. என் கையைப் பிடித்திருந்தால் அங்கேயே உடைந்திருப்பேன்.

கிடங்கு வாசலில் நீங்கள் பட்டபாட்டைப் பார்த்தேன். வரி கட்டிய கதை, தீப்பிடித்த கதை எல்லாம் தீர்ந்துபோய், கடைசியில் கதவில் இருக்கிற ஆணிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தீர்கள். பின்னால் நின்ற ஒருவர், "இந்தம்மா ஆணியை எண்ணாம விடாது போல" என்றார். அவ்வளவு நேரம் எனக்குக் கொடுத்தீர்கள். நான்தான் தெருவைத் தாண்டவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

அவர் ஒரு பலகைமேல் நின்று படகுக்கு நீலப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். சதை பிடித்திருந்தது. முதுகு நிமிர்ந்திருந்தது. கூட இருந்தவன் ஏதோ சொன்னான், அவர் சிரித்தார். பல்லெல்லாம் தெரிகிற மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன். கல்யாணமான புதிதில் அப்படிச் சிரிப்பார். எதற்கென்று இல்லை, பஸ் கண்டக்டர் தும்மினாலும் சிரிப்பார்.

சொல்ல வேண்டியதை வாயில் தயாராக வைத்திருந்தேன். வீட்டிலிருந்தே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். எதிரில் பார்த்ததும் அது ஒரு கல் மாதிரி இருந்தது. ஒரு மனுஷன் தலையில் கல்லைப் போட இவ்வளவு தூரம் படகேறி வந்திருக்கிறேன் என்று தோன்றியது. போடக் கை வரவில்லை. போடாமல் வந்ததற்கும் நிம்மதி இல்லை. பிள்ளை செத்தது தெரியாமல் ஒருவர் சிரிக்கிறார், தெரிந்த நான் அதைப் பார்த்துவிட்டு வந்து துணி தைக்கிறேன். இது என்ன நியாயம் என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே வேலை செய்கிறவர்கள் யாரும் சுற்றுலாக் கூட்டத்தைப் பார்ப்பதில்லை போலிருக்கிறது.

நீங்களும் சொல்லாதீர்கள்.

அக்கா


ஜூன் 18

அக்காவுக்கு,

நீங்கள் கேட்டுக்கொண்டபடி வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது என்னால் தாங்க முடியாத ஒன்று நடந்துவிட்டது.

நேற்று அவரே என்னைத் தேடிப் படகுத்துறைக்கு வந்தார். "இந்தத் தடவை இறங்கிடுவேன்மா" என்றார். பட்டறையில் கணக்கை முடித்துவிட்டாராம். அங்கே படகைக் கரையேற்றுகிற அகலப் பட்டையை வெட்டித் தொட்டில் மாதிரி தைத்து, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து, கொக்கி போட ஒரு சட்டமும் செய்திருக்கிறார். பிரித்துக் காட்டினார். "இதுல போட்டா ஒரு ஆளே தம்பியத் தூக்கிடலாம். அவ முழுசாத் தூங்கலாம். இத முடிக்காம வெறுங்கையோட போக மனசு வரல. அதான் இவ்வளவு நாள் ஆயிடுச்சு" என்றார். பட்டையில் தம்பி உடம்பில் படுகிற இடமெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறார் அக்கா.

"தம்பிக்குப் புண் ஆறிடுச்சா?" என்று கேட்டார். நான் குடையைக் கீழே போட்டுவிட்டு, அதை எடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படகில் வருகிறார். அதற்குள் நான் சொல்லிவிடட்டுமா? சொல்லாமல் எப்படி அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டி வருவேன்? உடனே எழுதுங்கள்.

தங்கை


ஜூன் 20

தங்கச்சிக்கு,

சொல்லாதீர்கள். சொன்னால் இறங்க மாட்டார். வரட்டும். கதவை நான் திறக்கிறேன்.

அக்கா


ஜூலை 7

தங்கச்சிக்கு,

என்ன ஆயிற்று என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருப்பீர்கள். இப்போதுதான் எழுத முடிந்தது.

வந்தார். உள்ளே வந்ததும் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் நேரே குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். வெளியிலிருந்து வந்தால் கழுவிவிட்டுத்தான் தம்பியைத் தொடுவார். கழுவிக்கொண்டே, "எங்க, புண்ணுக்கு ஆஸ்பத்திரில சேர்த்திருக்கியா?" என்று கேட்டார். கட்டில் இருந்த இடம் காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டார். அப்போது சொன்னேன். கல் மாதிரிதான் இருந்தது. ஆனால் போட்டேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, நான்தான் போய்க் குழாயை மூடினேன்.

"எப்ப?" என்றார். ஏப்ரலில் என்றேன். அவர் அந்தப் பட்டை இருந்த பையைப் பிரிக்கவே இல்லை. காலியாக இருந்த இடத்தில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் திட்டுவேன் என்று காத்திருந்தார். நானும் காத்திருந்தேன், எனக்குத் திட்டு வரும் என்று. வரவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவன மாடியிலேருந்து கீழ எப்படி எறக்குனீங்க?"

"லிஃப்ட் நின்னு போயிருந்துது. கடைக்காரரும் ஆம்புலன்ஸ்காரரும் படியில தூக்கிட்டுப் போனாங்க" என்றேன்.

எழுந்து போய்ப் படிக்கட்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

இங்கேயேதான் இருக்கிறார். பழைய கம்பெனியில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை, வேறு எங்கோ தேடுகிறார். நான் சமைக்கிறேன், அவர் சாப்பிடுகிறார். சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைக்கிறார். ராத்திரி இரண்டு பேருமே முழுசாகப் படுத்திருக்கிறோம். அவர் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் தூங்கவில்லை என்று அவருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

இனி எழுத வேண்டாம் தங்கச்சி. கோபத்தில் சொல்லவில்லை. தபால் வந்தால் இப்போது அவர்தான் போய் வாங்குகிறார். உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் அவருக்கு அந்த ஊர் ஞாபகம் வரும். அங்கே அவர் சிரித்ததை நான் பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும். எனக்கு நீங்கள் செய்ததற்குக் கைம்மாறு செய்ய இந்தப் பிறவியில் வழி தெரியவில்லை.

போன திங்கட்கிழமை விடிந்ததும் டெஸ்டரை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறிப்போனார். மதியம் வரை இறங்கவில்லை. எங்கள் கட்டட லிஃப்டைச் சரிபண்ணிவிட்டார். மூன்று மாதமாகப் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த சனங்கள் வீடு தேடி வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். லிஃப்ட் நன்றாக ஓடுகிறது, சத்தமே இல்லை. நான் படியில்தான் போகிறேன்.

அக்கா